கேள்வியால் வளர்ந்த கலை: வெஸ் மாண்ட்கோமரியின் 1960ஆம் ஆண்டு இசைத்தட்டு – ஒரு மதிப்பீடு

முன்னுரை

இசையைத் திறனாய்வு செய்வோர் எளிதில் வழுவும் இடம் ஒன்று உண்டு. ஒரு கலைஞரின் திறம் நம் அளவுகோலுக்குள் அடங்காதபோது, அதனைப் 'பிறவிப் பேறு' என்றோ 'இறையருள்' என்றோ கூறி ஆய்வை அவ்விடத்திலேயே முடித்துக்கொள்வதுதான் அது. அச்சொற்கள் புகழுரை போலத் தோன்றும். ஆனால் அக்கலைஞர் எதனைக் கற்றார், எவ்வாறு கற்றார், கற்றதை எவ்வாறு ஒழுங்குபடுத்தினார் என்னும் வினாக்களை அவை எழவிடாமல் செய்துவிடுகின்றன.

இக்கட்டுரை ஆராய முற்படும் இசைத்தட்டு அத்தகைய புகழுரையைத் தன் தலைப்பிலேயே தாங்கியுள்ளது. அமெரிக்க ஜாஸ் இசையின் தலைசிறந்த கித்தார்க் கலைஞர்களுள் ஒருவரான வெஸ் மாண்ட்கோமரி 1960ஆம் ஆண்டு சனவரி மாதம் நியூயார்க் நகரில் பதிவு செய்த 'தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கித்தார் ஆஃப் வெஸ் மாண்ட்கோமரி' என்பதே அது. 'இன்க்ரெடிபிள்' என்றால் நம்புதற்கரியது என்று பொருள். நம்புதற்கரியது எனக் கருதப்பட்டதற்குக் காரணமும் இருந்தது. மாண்ட்கோமரிக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. இதனை அவரே மறைக்காமல் கூறி வந்தார். முறையான ஆசிரியர் எவரிடமும் பயிலாத ஒருவர் இத்துணை நுட்பமாக வாசிப்பது எப்படி என்னும் வியப்பே அவரைப் பற்றிய பல எழுத்துகளின் அடிநாதமாக அமைந்துவிட்டது.

நாமும் இவ்வழுவிற்கு விலக்கானவர் அல்லேம். முனைவர்ப் பட்ட ஆய்விற்காக வெளிநாட்டில் தங்கியிருந்த காலத்தில், பல்கலைக்கழக நூலகத்தின் இசைப் பகுதியில் இவ்விசைத்தட்டை முதன்முதலாகக் கேட்டோம். அன்று நம் குறிப்பேட்டில் எழுதியது 'இயற்கை மேதைமை' என்னும் இரண்டு சொற்களே. மேற்கொண்டு எழுத ஒன்றும் தோன்றவில்லை. பின்னர்ப் பலமுறை கேட்ட பிறகே, அவ்விரு சொற்களும் கேட்டதைக் குறிக்கவில்லை, கேளாமல் விட்டதையே குறித்தன என்பது புலனாயிற்று. இவ்விசைத்தட்டு கற்றலின் விளைவு. அக்கற்றல் ஏட்டின் வழி அன்று, செவியின் வழி நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

கலைஞரும் காலமும்

வெஸ் மாண்ட்கோமரி 1923ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் இண்டியானா மாநிலத்தின் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தவர். அவருடைய உடன்பிறந்தோருள் மாங்க் மாண்ட்கோமரி பாஸ் கருவியிலும், பட்டி மாண்ட்கோமரி வைப்ரஃபோன், பியானோ ஆகியவற்றிலும் பெயர்பெற்றனர். வெஸ் ஆறு நரம்புக் கித்தாரை முறையாக ஏந்தியபோது அவருக்கு ஏறத்தாழ இருபது வயது. இசைக்கலைஞர்கள் பலரை நோக்க இது காலந்தாழ்ந்த தொடக்கமே.

அவரைக் கித்தாரின்பால் ஈர்த்தவை சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகள். பென்னி குட்மன் குழுவில் மின்கித்தார் வாசித்து, 1942ஆம் ஆண்டு தம் இருபத்தைந்தாம் வயதில் மறைந்த கிறிஸ்டியன், கித்தாரைத் தாளத் துணைக்கருவி என்னும் நிலையிலிருந்து தனிக்குரல் கொண்ட கருவியாக உயர்த்தியவர். அவருடைய தனி வாசிப்புகளை மாண்ட்கோமரி மீண்டும் மீண்டும் கேட்டு, ஒவ்வொரு சுரத்தையும் செவியால் பிடித்து மனத்தில் நிறுத்தினார். தொடக்கத்தில் மன்றங்களில் அவற்றையே அவ்வாறே வாசித்தும் காட்டினார். குருவை நேரில் காணாத குருகுலம் எனலாம்.

1948 முதல் 1950 வரை லயனல் ஹாம்ப்டனின் பெருங்குழுவில் பணியாற்றிய பின்னர் அவர் தம் ஊருக்கே திரும்பினார். பெரிய குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது. பகலில் தொழிற்சாலை வேலை. இரவில் ஒரு மன்றத்தில் இசை. அது முடிந்தபின் விடியும்வரை மற்றொரு மன்றத்தில் இசை. 1950களின் பெரும்பகுதி அவருக்கு இவ்வாறே கழிந்தது. நியூயார்க் அவரை அறியாதிருந்த இந்த ஆண்டுகளே அவருடைய கல்விக் காலம் என்பதை நாம் அழுத்திக் கூற விரும்புகிறோம். ஒவ்வோர் இரவும் அதே மெட்டுகளை வேறு வேறாக வாசித்துப் பார்க்கும் வாய்ப்பினை எந்த இசைக் கல்லூரியும் இத்துணைத் தாராளமாக வழங்குவதில்லை.

1959ஆம் ஆண்டு சாக்சஃபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி இண்டியானாபொலிசில் அவரைக் கேட்டு வியந்து, ரிவர்சைடு இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஆரின் கீப்நியூசிடம் பரிந்துரைத்தார். இசையமைப்பாளரும் ஆய்வாளருமான கன்தர் ஷுல்லரும் அதே ஆண்டு 'ஜாஸ் ரிவியூ' இதழில் அவரைப் பாராட்டி எழுதினார். அவ்வாண்டு அக்டோபரில் மெல்வின் ரைனின் ஆர்கன், பால் பார்க்கரின் முரசு ஆகியவற்றுடன் முதல் ரிவர்சைடு இசைத்தட்டு பதிவாகியது. அதற்கு அடுத்ததே நாம் எடுத்துக்கொண்ட இசைத்தட்டு.

இசைத்தட்டின் அமைப்பு

1960 சனவரி 26, 28 ஆகிய இரு நாள்களில் நியூயார்க் ரீவ்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் இப்பதிவு நிகழ்ந்தது. பியானோவில் டாமி ஃபிளனகன், பாஸில் பெர்சி ஹீத், முரசில் அவர் தம்பி ஆல்பர்ட் ஹீத் ஆகியோர் துணைநின்றனர். ஃபிளனகன் சோனி ராலின்சின் 'சாக்சஃபோன் கொலோசஸ்' (1956), ஜான் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ஆகிய பதிவுகளில் பங்கேற்றவர். பெர்சி ஹீத் 'மாடர்ன் ஜாஸ் குவார்டெட்' குழுவின் தூண்களுள் ஒருவர். நியூயார்க்கின் முதல்தரக் கலைஞர்களுக்கு நடுவே வெளியூர்க்காரர் ஒருவர் அமர்ந்து வாசித்த பதிவு இது.

எட்டு உருப்படிகள், ஏறத்தாழ 44 நிமிடங்கள். எட்டில் நான்கு மாண்ட்கோமரி தாமே இயற்றியவை. நான்கு பிறர் இயற்றியவை. இவற்றின் வைப்புமுறை நோக்கத்தக்கது. தட்டின் முதற்பக்கம் சோனி ராலின்சின் 'ஏரெஜின்' மெட்டில் தொடங்கி, 'டி-நேச்சுரல் ப்ளூஸ்', 'போல்கா டாட்ஸ் அண்ட் மூன்பீம்ஸ்', 'ஃபோர் ஆன் சிக்ஸ்' எனச் செல்கிறது. அதாவது பிறர் மெட்டு, தன் மெட்டு, பிறர் மெட்டு, தன் மெட்டு. இரண்டாம் பக்கம் 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்', 'இன் யுவர் ஓன் ஸ்வீட் வே', 'மிஸ்டர் வாக்கர்', 'கான் வித் த விண்ட்' என்னும் வரிசையில் அமைந்துள்ளது. இங்கு முறை தலைகீழாகி, தன் மெட்டில் தொடங்கிப் பிறர் மெட்டில் முடிகிறது. திட்டமிட்டதோ தற்செயலோ, இவ்வடுக்குமுறை கேட்போரிடம் ஒரு வினாவை எழுப்புகிறது. பிறர் மெட்டிற்கும் தன் மெட்டிற்கும் உள்ள எல்லைக்கோடு எங்கே?

பிறர் மெட்டும் தன் மெட்டும்

ஜாஸ் உலகில் 'ஸ்டாண்டர்ட்' எனப்படுவது, பல கலைஞர்களால் பல காலமாக எடுத்தாளப்பட்டு வழக்கில் நிலைபெற்ற பாடல் ஆகும். இக்கட்டுரையில் அதனை 'நிலைப்பாடல்' எனக் குறிப்போம். பெரும்பாலானவை நாடக மேடைக்கும் திரைக்கும் வெகுமக்கள் கேட்புக்கும் எழுந்த பாடல்கள். கலைஞர் அப்பாடலின் மெட்டை ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, அதன் சுரக்கூட்டு வரிசையை மட்டும் அடித்தளமாகக் கொண்டு சுற்றுக்குச் சுற்று புதிய மெட்டுகளை அவ்வப்போதே படைப்பார். நம் மரபில் மனோதர்மம் எனப்படும் கற்பனை வாசிப்பிற்கு இராகம் எல்லை வகுப்பது போல, இங்குச் சுரக்கூட்டு வரிசை எல்லை வகுக்கிறது.

இவ்விசைத்தட்டின் பிறர் மெட்டுகள் நான்கும் ஒரே தன்மையன அல்ல. 'கான் வித் த விண்ட்' 1937ஆம் ஆண்டு ஆலி ரூபல் இசையமைத்தது. புகழ்பெற்ற அப்புதினத்தின் பெயரைத் தாங்கியிருப்பினும், 1939ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்கு முந்தியது. 'போல்கா டாட்ஸ் அண்ட் மூன்பீம்ஸ்' 1940ஆம் ஆண்டு ஜிம்மி வான் ஹியூசன் இசையமைத்த காதற்பாடல். இவை இரண்டும் வெகுமக்கள் பாடல் மரபைச் சார்ந்தவை. 'ஏரெஜின்', 'இன் யுவர் ஓன் ஸ்வீட் வே' ஆகியன ஜாஸ் கலைஞர்களே இயற்றியவை. முன்னது 'நைஜீரியா' என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் பின்னிருந்து முன்னாகப் படித்தால் கிடைக்கும் பெயர்; மைல்ஸ் டேவிஸ் 1954ஆம் ஆண்டிலேயே இதனைப் பதிவு செய்தார். பின்னது டேவ் புரூபெக்கின் ஆக்கம். 1960இல் இவை பழைய பாடல்கள் அல்ல; நிலைபெறத் தொடங்கிய புதிய ஆக்கங்கள். எனவே மாண்ட்கோமரி பழமையையும் சமகாலத்தையும் ஒருசேர எடுத்துக்கொண்டார் எனலாம்.

'ஏரெஜின்' பற்றி ஒரு செய்தியைச் சுட்டவேண்டும். பெரும்பாலான நிலைப்பாடல்கள் முப்பத்திரண்டு அளவுகளில் அடங்குபவை. 'ஏரெஜின்' முப்பத்தாறு அளவுகளைக் கொண்டது. அதன் பகுதிகள் சமமாகப் பகுபடாதவை, விரைவு மிகுதி. இத்தகைய அமைப்பைத் தாளில் பார்த்து வாசிப்பவர்க்கே கவனம் தேவை. தாளைப் படிக்க இயலாதவர் அதனை முழுமையாகச் செவியில் ஏற்றி, எந்த இடத்தில் எந்தக் கூட்டு வரும் என்பதை உள்ளத்தில் நிறுத்தினாலன்றி அதன்மேல் தடையின்றிக் கற்பனை செய்ய இயலாது. மாண்ட்கோமரி இதனைத் தட்டின் முதல் உருப்படியாகவே வாசிக்கிறார். எங்கும் தடம் பிறழவில்லை. உள்ளுணர்வு மட்டும் இதனைச் செய்துவிடாது. இது நினைவும் கணக்கும் சேர்ந்த வேலை.

இனி அவருடைய சொந்த ஆக்கங்களுக்கு வருவோம். நூலின் வகைகளைக் கூறும் நம் இலக்கணிகள் முதல்நூல், வழிநூல் எனப் பகுத்தனர்; நன்னூலார் சார்புநூலையும் உடன் வைத்து எண்ணினார். முதல்நூலின் முடிபோடு ஒத்து, பின்வந்த ஆசிரியர் வேண்டிய வேறுபாடுகளையும் சேர்த்து அமைப்பது வழிநூல். இப்பாகுபாடு ஜாஸ் இசையின் ஆக்கமுறையை விளக்க நமக்குப் பெரிதும் உதவுகிறது. 'ஃபோர் ஆன் சிக்ஸ்' மாண்ட்கோமரியின் பெயர்பெற்ற சொந்த மெட்டு. ஆனால் அதன் சுரக்கூட்டு அடித்தளம் ஜார்ஜ் கெர்ஷ்வினின் 'சம்மர்டைம்' (1935) பாடலிலிருந்து கிளைத்தது என்பதை இசைவல்லுநர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அவ்வடித்தளத்தின் இடையிடையே புதிய கூட்டுகளைச் செருகி, அசைந்து செல்லும் தாலாட்டினை விரைந்து ஓடும் மெட்டாக மாற்றியுள்ளார். முதல்நூலை அறிந்தவர்க்கே அவர் செய்த வேறுபாட்டின் நுட்பம் விளங்கும்.

'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்' மற்றொரு வகை. ப்ளூஸ் என்பது தனி ஒருவர்க்கு உரிமையற்ற பொதுவடிவம். பன்னிரண்டு அளவுகளில் அமைவது. பெரும்பாலும் நான்கன் நடையில் இயங்குவது. மாண்ட்கோமரி அதனை மும்மை நடைக்கு மாற்றி, எளிய மூன்று கூட்டுகளுக்கு இடையே நுண்ணிய மாற்றுக் கூட்டுகளை நிரப்பியுள்ளார். கேட்போர்க்கு மெட்டு எளிதாகவே தோன்றும், முணுமுணுக்கவும் கூடும். அதன் அடியில் நடக்கும் வேலையோ எளிதன்று.

ஆகவே 'பிறர் மெட்டு', 'தன் மெட்டு' என்னும் பிரிவு தட்டின் உறையில் அச்சிடப்பட்ட அளவிற்கு இசையில் தெளிவாக இல்லை. பிறர் மெட்டில் அவர் தம்மைக் காட்டுகிறார். தன் மெட்டில் முன்னோரைக் காட்டுகிறார். ஒரு மரபினுள் நின்று படைப்பவர் எவர்க்கும் இதுவே இயல்பு.

மூன்று படிநிலைகள்

மாண்ட்கோமரியின் வாசிப்பு முறைகளுள் மூன்று பெரிதும் பேசப்படுவன. முதலாவது, ஒற்றைச் சுரங்களால் மெட்டுப் பின்னுதல். இரண்டாவது, மேலை இசையில் 'ஆக்டேவ்' எனப்படுவது; ஒரு சுரத்தை அடுத்தடுத்த இரு மண்டிலங்களில், அதாவது இரு தாயிகளில், ஒருசேர ஒலிக்கச் செய்தல். மூன்றாவது, முழுச் சுரக்கூட்டுகளாலேயே மெட்டை நகர்த்திச் செல்லுதல்.

இரண்டாவது முறையின் அருமையைச் சற்று விளக்கவேண்டும். ஒரே சுரத்தின் இரு நிலைகளும் கித்தாரில் அடுத்தடுத்த நரம்புகளில் அமைவதில்லை. அவற்றிற்கு இடையே வேறு நரம்பு வரும். இடது கை விரல்கள் இரு நரம்புகளையும் அழுத்தும்போதே இடைப்பட்ட நரம்பை ஒலிக்கவிடாமல் தொட்டு அடக்கவும் வேண்டும். இந்நிலையைக் குலையாமல் கையை நரம்புப்பலகையின் மேலும் கீழும் விரைந்து நகர்த்த வேண்டும். கித்தாரில் இம்முறையை முதன்முதலில் கையாண்டவர் மாண்ட்கோமரி அல்லர். ஆனால் அதனை இடையிடையே தோன்றும் அணியாக நில்லாமல், நீண்ட மெட்டுகளைப் பேசும் மொழியாகவே ஆக்கியவர் அவர். அவருக்குப் பின்வந்த கித்தார்க் கலைஞர்களிடம் இம்முறை பரவலாக வழங்குவதற்கு அவரே காரணம்.

வலது கையில் அவர் 'பிக்' எனப்படும் மீட்டுவில்லையைப் பயன்படுத்தவில்லை. பெருவிரலின் சதைப்பகுதியாலேயே மீட்டினார். வேலை முடிந்து வந்து இரவில் பயிலும்போது மின்கித்தாரின் ஒலி வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் துன்புறுத்தியதால் வில்லையைக் கைவிட்டார் எனக் கூறப்படுகிறது. காரணம் எதுவாயினும், விளைவு ஒலியில் தெரிகிறது. வில்லை தரும் கூர்மை இன்றி, வட்டமும் வெதுவெதுப்பும் உடைய ஒலி அது. 'போல்கா டாட்ஸ் அண்ட் மூன்பீம்ஸ்' போன்ற மென்னடைப் பாடலில் இவ்வொலியின் அழகு முழுமையாக வெளிப்படுகிறது. பெருவிரலோ பெரும்பாலும் கீழ்நோக்கியே மீட்டும். மேலும் கீழும் வில்லையை வீசுவோர்க்குக் கிட்டும் விரைவை இதனால் எட்டுவது கடினம். 'ஏரெஜின்' அக்கடினத்தை அவர் வென்றதற்குச் சான்று.

இம்முறைகளைத் தனித்தனியே பாராட்டி நின்றுவிடுவது போதாது. அவற்றை அவர் அடுக்கும் ஒழுங்கே நம் கருதுகோளுக்கு இன்றியமையாதது. 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்', 'கான் வித் த விண்ட்' ஆகியவற்றின் தனி வாசிப்புகளைக் கூர்ந்து கேட்டால் ஒரு திட்டம் தெரியும். முதற் சுற்றுகள் ஒற்றைச் சுரங்களால் ஆனவை. அவற்றில் கருத்துகள் விதைக்கப்படுகின்றன. அடுத்த சுற்றுகள் ஆக்டேவ்களால் ஆனவை. சொற்கள் குறைந்து குரல் தடிக்கிறது. இறுதிச் சுற்றுகள் முழுக் கூட்டுகளால் ஆனவை. ஒரு கித்தார் ஒரு குழுவின் ஊதுகருவிப் பிரிவுபோல் முழங்குகிறது. இராக ஆலாபனையில் கீழ்ச்சுரங்களில் தொடங்கி மேல்மண்டிலம் நோக்கி ஏறும் ஒழுங்கினை நாம் அறிவோம். இங்கு ஏற்றம் சுரத்தின் உயரத்தில் அன்று. ஒலியின் பருமனில் நிகழ்கிறது.

இத்தகைய ஏற்றத்திற்கு முன்னோக்கு வேண்டும். மூன்றாம் படியில் முழங்கவேண்டும் என்பதை அறிந்தவரே முதற்படியில் அடங்கிப் பேசுவார். கையிருப்பு அனைத்தையும் முதற்சுற்றிலேயே செலவிடும் கலைஞர்கள் பலர். மாண்ட்கோமரி சேமிக்கிறார். ஓர் உரையாளர் தம் வாதத்தைக் கட்டுவது போலவே அவர் சுற்றுகளைக் கட்டுகிறார். இதனை 'இயற்கை' என்னும் ஒரு சொல்லால் விளக்குவது, கட்டடத்தைக் கண்டு அது தானே முளைத்தது எனக் கூறுவதற்கு ஒப்பாகும்.

குறைகள் சில

இவ்விசைத்தட்டு குறையற்றது என்பது நம் கருத்தன்று. மேலே பாராட்டிய அடுக்குமுறையே சில இடங்களில் முன்கூட்டியே ஊகிக்கத்தக்கதாகி விடுகிறது. இரண்டு மூன்று உருப்படிகளைக் கேட்டவர், ஒற்றைச் சுரம் முடிந்ததும் ஆக்டேவ் வரும் என எதிர்பார்க்கத் தொடங்குகிறார். எதிர்பார்த்தவாறே அதுவும் வருகிறது. ஒழுங்கு மிகும்போது வியப்பு குறைவது கலையின் பொதுவிதி.

'மிஸ்டர் வாக்கர்' இலத்தீன் அமெரிக்கத் தாளச் சாயலுடைய இனிய மெட்டு. எனினும் அவருடைய மற்ற மூன்று ஆக்கங்களின் அருகில் வைத்து நோக்க அது மெலிந்தே தோன்றுகிறது. துணைக்கலைஞர்களின் வாசிப்பும் பிழையற்றதே. ஆயினும் சில இடங்களில் மிகை அடக்கம் உடையது. ஃபிளனகன் தமக்குக் கிடைத்த சுற்றுகளில் நேர்த்தியாகப் பேசுகிறார். ஆனால் தலைவரை எதிர்த்து வினவி உசுப்புவதில்லை. 1965ஆம் ஆண்டு வின்டன் கெல்லி குழுவினருடன் மாண்ட்கோமரி மீண்டும் பதிவு செய்த 'ஃபோர் ஆன் சிக்ஸ்' வாசிப்பை இதனோடு ஒப்பிட்டுக் கேட்போர்க்கு இவ்வேறுபாடு விளங்கும். அங்குக் குழு முழுவதும் கொதிக்கிறது. இங்குக் கித்தார் மட்டுமே கொதிக்கிறது.

பிற்காலத்தில் வெர்வ், ஏ அண்ட் எம் ஆகிய நிறுவனங்களுக்காக அவர் வாசித்த வெகுமக்கள் பாடல்களைப் பற்றிய விவாதமும் இங்குக் கருதத்தக்கது. அவற்றில் ஆக்டேவ் வாசிப்பு முதன்மை பெற, நீண்ட தனி வாசிப்புகள் சுருங்கின. விற்பனை பெருகியது, விமர்சகர் பலர் வருந்தினர். 1960ஆம் ஆண்டு இசைத்தட்டில் ஆக்டேவ் என்பது மூன்று படிகளுள் நடுப்படி. கீழ்ப்படியும் மேற்படியும் இன்றி நடுப்படியை மட்டும் தனியே எடுத்தபோது அது முத்திரையாக மட்டும் எஞ்சியது என்பது நம் கருத்து. 1968ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள், 45ஆம் வயதில், மாரடைப்பால் அவர் மறைந்தார். மீண்டும் மூன்று படிகளையும் ஏறிக்காட்டும் வாய்ப்பு அவருக்கு நீண்டநாள் கிட்டவில்லை.

கேள்வி என்னும் கல்வி

திருக்குறளின் அரசியலில் கல்வி, கல்லாமை, கேள்வி என்னும் மூன்று அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. கல்வியின் சிறப்பையும் கல்லாமையின் இழிவையும் கூறிய பின்னரே வள்ளுவர் கேள்வியை வைக்கிறார். இவ்வைப்புமுறையைக் கல்லாதவர்க்கு அளித்த ஆறுதலாக மட்டும் கொள்வது பொருந்தாது; கேள்வியும் கற்றலின் ஒரு வழியே என்பதற்கான ஏற்பிசைவாக நாம் அதனைக் கொள்கிறோம். இன்று 'வினா' என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்கும் இச்சொல், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழிசையோடு தொடர்புற்று வழங்குவதும் நினைக்கத்தக்கது. செவியும் நரம்பும் ஒரு சொல்லில் கூடிய மொழி நம்முடையது. மாண்ட்கோமரியின் கல்வியைக் குறிக்க இதனினும் பொருத்தமான சொல் நமக்குக் கிட்டவில்லை.

அமெரிக்கச் சூழலில் 'இயற்கை மேதை' என்னும் புகழுரைக்கு வேறொரு நிழலும் உண்டு. கறுப்பினக் கலைஞர்களின் இசையை உணர்ச்சியின் வெளிப்பாடாகவும் உடலின் இயல்பாகவும் புகழ்ந்து, அதில் செயற்பட்ட அறிவை மட்டும் காணாது விட்டுவிடும் போக்கு அந்நாட்டு எழுத்தில் நெடுங்காலம் இருந்தது. புகழ்வோர் தீயநோக்கம் உடையவர் அல்லர். பலர் உண்மையான அன்பினர். எனினும் அப்புகழ் ஒருவரை மேடையில் ஏற்றிவிட்டு அறிஞர் அவையிலிருந்து இறக்கிவிடுகிறது.

இதனைத் தொலைவிலுள்ள நாட்டின் செய்தியாக மட்டும் நாம் கொள்ளவியலாது. மலேசியத் திருவிழாக்களில் உறுமி மேளம் முழக்கும் இளைஞர்களைப் பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் 'இரத்தத்தில் ஊறிய கலை' என்னும் தொடரை நாம் அடிக்கடி காண்கிறோம். அவ்விளைஞர் யாரிடம் கேட்டனர், எத்தனை மாலைகள் பயின்றனர், எந்த அடியை எந்த அடிக்குப் பின் வைக்கவேண்டும் என எவ்வாறு முடிவு செய்கின்றனர் என்னும் வினாக்கள் அக்கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. மாணவரைக் குறைகூறி என்ன பயன்? இருபது ஆண்டுகளுக்கு முன் நம் குறிப்பேட்டில் இருந்த இரண்டு சொற்களும் அவ்வகையினவே. ஏட்டின் வழி உயர்ந்தோர்க்குச் செவிவழிக் கல்வி கல்வியாகவே தோன்றுவதில்லை. அதனைக் கல்வியாகக் காணப் பழகுவதற்கு இத்தகைய இசைத்தட்டுகள் துணைசெய்யும்.

முடிவுரை

'தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கித்தார்' பதிவானது முதல் ஆறு பத்தாண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளியிட்ட தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இதற்கு இடம் அளித்துப் பேணற்குரிய பதிவுகளுள் ஒன்றாக ஏற்றது. இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவரின் வாசிப்பை இன்று இசைக் கல்லூரி மாணவர்கள் குறிப்பாக எழுதிப் பயில்கின்றனர். கேள்வி மீண்டும் ஏடாகியிருக்கிறது.

இவ்விசைத்தட்டைப் புதிதாகக் கேட்க விழைவோர் 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்' உருப்படியில் தொடங்கலாம். மூன்று படிகளும் அங்குத் தெளிவாகக் கேட்கும். அடுத்து 'கான் வித் த விண்ட்' கேட்டு, பிறர் பாடலில் அதே கட்டுமானம் எவ்வாறு அமைகிறது என ஒப்பிடலாம். பின்னர் 'ஏரெஜின்' கேட்கும்போது, அந்த முப்பத்தாறு அளவுகளையும் ஒருவர் ஏடின்றி உள்ளத்தில் சுமந்து வாசிக்கிறார் என்பதை நினைவில் கொள்க. அவ்வாறு கேட்போர்க்குத் தட்டின் தலைப்பிலுள்ள அடைமொழி மிகையாகவே தோன்றும். இதில் நம்புதற்கரியது ஒன்றும் இல்லை. தொழிற்சாலைக்கும் மன்றத்திற்கும் இடையே கழிந்த ஆண்டுகளில் ஒருவர் கேட்டார், கேட்டதைச் சிந்தித்தார், சிந்தித்ததை ஒழுங்குபடுத்தினார். நம்பத்தக்கதாக இருப்பதனாலேயே அது போற்றத்தக்கது.